பந்து டென்னிஸ் ராக்கெட்டில் இருக்கும் நேரம்

ஜூலை 8, செவ்வாய்

பதினொன்றாம் வகுப்பில் இந்த வாரம் கணத்தாக்கு. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பார் என்ற உதாரணத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பிக்கிறார்கள். அதனால் இந்த முறை டென்னிஸை எடுக்கிறேன். மகள் ஆடுவதால் வீட்டில் பந்துக்குப் பஞ்சமில்லை. அதைவிட முக்கியம், கணக்குக்கு வேண்டிய எண்கள் ஆட்ட விதியிலேயே இருக்கின்றன. பந்தின் நிறை 56 முதல் 59.4 கிராம். 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும்.

விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. அதுவே உந்த மாற்றம் (உந்தம் என்றால் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கியது). இதை எழுத ஒரு வரி போதும். அந்த நேரம் எவ்வளவு சின்னது என்று பிள்ளைகளுக்கு உறைக்க வைப்பதுதான் பெரிய வேலை.

ஜூலை 12, சனி

படிக்கட்டுச் சுவரில் 254 செ.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு, 140க்கு இன்னொன்று. மகள் மேல்படியில் நின்று பந்தை விட்டாள், நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். இப்போதுதான் டப்பாவிலிருந்து எடுத்த பந்து 140 கோட்டை ஒட்டி வந்து திரும்பியது. மாதக்கணக்கில் பையில் கிடந்து ரோமம் தேய்ந்த பந்து கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் குறைந்துபோனதுதான் காரணம்.

புதுப் பந்துக்குக் கணக்குப் போட்டோம். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 7.1 மீட்டர், எழும்பும்போது 5.2. திசை மாறுவதால் இரண்டையும் கூட்ட வேண்டும். கழிப்பவர்கள் வகுப்பில் எப்போதும் உண்டு. 58 கிராம் என்று வைத்துக்கொண்டால் உந்த மாற்றம் சுமார் 0.7 நியூட்டன் விநாடி. பந்து தரையோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய 5 மில்லி விநாடி. அப்படியானால் சராசரி விசை சுமார் 140 நியூட்டன், அதாவது பந்தின் எடையைப் போல 250 மடங்கு. சும்மா கைதவறி விழுந்த பந்துக்கே இவ்வளவு!

ஜூலை 13, ஞாயிறு

காலையில் கோர்ட்டுக்கு போனைக் கொண்டுபோனேன். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 படம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 4.2 மில்லி விநாடி. ஸ்ட்ரிங்கில், அதாவது ராக்கெட்டின் நரம்பு வலையில், பந்து இருக்கும் நேரமும் அதே 4, 5 மில்லி விநாடிதான். அதனால் பெரும்பாலான ஃபோர்ஹேண்ட் அடிகளில் ஒரு படத்தில் பந்து ராக்கெட்டுக்கு முன்னால் இருக்கிறது, இரண்டு படம் தள்ளிப் பார்த்தால் கிளம்பிவிட்டது. ஒரே ஒரு அடியில் மட்டும் சரியான தருணம் மாட்டியது. பந்தின் ஒரு பக்கம் தட்டையாகி ஸ்ட்ரிங்கில் அப்பிக்கொண்டிருக்க, ஸ்ட்ரிங்கும் பின்பக்கம் குழிந்திருக்கிறது. அதைப் பெரிதுபடுத்தி நெடுநேரம் பார்த்தேன்.

வரும் வழியில் மகள் கேட்டாள்: “ஏம்மா, பந்து போனதுக்கு அப்புறம் கை எங்க போனா என்ன? கோச் ஏன் முழுசா சுத்தச் சொல்றார்?”

நல்ல கேள்வி. பந்து போய்விட்ட பிறகு கை செய்வது எதுவும் பந்துக்குப் போய்ச் சேராது. ராக்கெட் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், பந்து ஒட்டியிருக்கும் நேரத்தில் அது நகர்வதே 10 செ.மீ. தான். அடி பட்டதை உணர்ந்து கை எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அதைப்போல பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆனால் பந்தைத் தொட்டதும் நிறுத்த நினைக்கிற கை, தொடுவதற்கு முன்பே பிரேக் போட ஆரம்பித்துவிடும். வேகம் குறைந்த ராக்கெட்டோடு பந்தைச் சந்தித்தால் கணத்தாக்கும் குறையும். கோச் சொல்வது முழுக்கச் சரி. அந்தச் சுற்றின் பலன் பந்தைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் இருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பில் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜான் இஸ்னரின் சர்வ் (ஆட்டத்தைத் தொடங்கும் அடி). 2016 டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மணிக்கு 253 கி.மீ. அதாவது விநாடிக்கு 70 மீட்டர். மேலே போட்ட பந்து அடிபடும்போது கிட்டத்தட்ட நிற்கிறது என்று கொள்ளலாம். கணத்தாக்கு 4.1 நியூட்டன் விநாடி. 5 மில்லி விநாடியால் வகுத்தால் 800 நியூட்டனுக்குச் சற்று மேல், 80 கிலோ ஆள் ஒருவரின் எடை. அதுவும் சராசரிதான், உச்சத்தில் விசை இதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அதே விசை ராக்கெட் மேலயும் திரும்ப வருமே மிஸ்?” என்றான். நியூட்டனின் மூன்றாம் விதியை நான் சொல்லாமலே கொண்டுவந்துவிட்டான்! இந்த வாரத்தில் எனக்கு இதுதான் பெரிய சந்தோஷம்.

நியூட்டனே 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய கடிதத்தில், சாய்வாக அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். அதையும் சொல்லிவைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

மகளுக்கு முழங்கை வலி. ஸ்ட்ரிங் டென்ஷனை (இழுத்துக் கட்டும் இறுக்கத்தை) 56 பவுண்டிலிருந்து 50க்கு இறக்கிக் கட்டக் கொடுத்திருக்கிறோம். தளர்ந்த ஸ்ட்ரிங் அதிகம் குழியும், பந்து கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும், உச்ச விசை தணியும். வேகம் குறைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். படிக்கட்டில் பார்த்ததை நினைவுபடுத்தினேன்: 254இல் விட்ட பந்து 140தான் எழும்பியது, ஆற்றலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது பந்து நசுங்குவதிலேயே போய்விட்டது. ஸ்ட்ரிங் அப்படியில்லை, வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்ட்ரிங் அதிகம் குழிந்தால் பந்து நசுங்குவது குறையும். வேகம் குறையாது, ஒரு துளி கூடவே செய்யும். பேஸ்லைனை (கோர்ட்டின் பின் எல்லைக் கோட்டை) தாண்டி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி அவள் பாடு. வலி இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.