திரும்பாத காதுகள்: ஒரு சுண்டெலியை அசைய வைத்துப் பார்த்த அனுபவம்

1928 நவம்பரில் திரைக்கு வந்த 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும், அதன் இரு காதுகளும் முழு வட்டமாகவே தெரியும். தட்டையான வட்டத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அது ஒடுங்கித்தானே தெரிய வேண்டும்? இந்த விதிமீறலைக் கையால் வரைந்து சோதிக்க, நேரே பார்க்கும் ஒரு சுண்டெலி இடப்பக்கம் திரும்பும் காட்சியைப் புரட்டுப் படப் புத்தகமாகச் செய்யத் தொடங்கினேன்.

திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் வழக்கப்படி, ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் போதும். தலைக்கு 5 செ.மீ., காதுக்கு 3 செ.மீ. விட்டத்தில் அட்டை வட்டங்களை வெட்டி வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, முந்தைய ஓவியத்தின் மேலேயே அடுத்ததை வரைந்தேன்.

முதல் அடுக்கில் கணக்குப்படி நடந்துகொண்டேன். பாதி திரும்பும்போது காதின் அகலம் 2 செ.மீ. சொச்சமாகக் குறைந்தது, முழுப் பக்கவாட்டில் ஒரு கோடாகவே ஆயிற்று. தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாத ஓவியங்கள்தாம். ஆனால் புரட்டியதும் நடுவில் ஒரு முயல் வந்து போனது!

இரண்டாம் அடுக்கில் காதுகளை வட்டமாகவே வைத்து, தலையின் விளிம்பில் மெல்ல நகர்த்தினேன். கடிகார முகமாகச் சொன்னால், பத்து மணியிலும் இரண்டு மணியிலும் இருந்த காதுகள், முகம் திரும்பி முடிகையில் பதினொன்றரைக்கும் மூன்றுக்கும் போய்ச் சேர்ந்தன. புரட்டும்போது கண் இதை ஏற்றுக்கொள்கிறது. எலி எலியாகவே இருக்கிறது. மூக்கு நகர்ந்த பிறகு, ஒரு தாள் தாமதித்துக் காதுகளை நகர்த்தியபோது அவற்றுக்கு எடையும் வந்துவிட்டது. மிக்கியின் தொடக்ககாலப் படங்களின் பெரும்பகுதியை வரைந்த ஓவியர் அப் ஐவர்க்ஸின் வேகத்தைப் பற்றிப் பலரும் வியந்து சொல்வார்கள். வட்டங்களால் ஆன உருவம் அந்த வேகத்துக்கு எவ்வளவு துணைநின்றிருக்கும் என்பது அட்டையைச் சுற்றிப் பென்சிலை ஓட்டும்போதுதான் புரிகிறது.

அடுத்துக் காதின் இடத்தை மாற்றிப் பார்த்தேன். இதற்குத் தூண்டுகோல், உயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் 1979இல் எழுதிய கட்டுரை. மிக்கியின் பல காலத்து உருவங்களை அளந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தலையும் கண்ணும் பெருத்து, காது பின்னுக்குப் போய், நெற்றி குழந்தையினுடையதைப் போல உருண்டு வந்ததை அவர் காட்டினார். கண்ணையும் மூக்கையும் தொடாமல், பக்கவாட்டு முகத்தில் முன்காதை மட்டும் அரை செ.மீ. பின்னே தள்ளினேன். குறும்புக்காரக் கிழட்டு எலி பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிட்டது. கண்ணைப் பெரிதாக்குவதால்தான் இளமை வரும் என்று நினைத்திருந்த எனக்கு, நெற்றிக்கு இடம் விடுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது புதுச் செய்தி.

கைகள்தாம் இன்னும் வசப்படவில்லை. கறுப்பு உடலின் குறுக்கே கறுப்புக் கை வந்தால், அது இருக்கும் இடமே தெரிவதில்லை. 1929இல் மிக்கிக்கு வெள்ளைக் கையுறை வந்ததற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்வதுண்டு. என் எலிக்குக் கையுறை மாட்ட எனக்கு மனமில்லை. அது இன்னொருவரின் அடையாளம். இப்போதைக்குக் கையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு விட்டு வரைந்து வருகிறேன். நிற்கும்போது அது நன்றாகவே இருக்கிறது. நடக்கும்போது கோடு தாளுக்குத் தாள் தடித்தும் மெலிந்தும் துடிக்கிறது. ஆகவே உடலைக் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாற்றி, நடையை மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறேன்.