இடப்பக்கத்துப் பூஜ்யங்கள்: நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் காலிபரேஷன் பிரிவிலிருந்து, அதாவது கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் இடத்திலிருந்து, அண்ணன் கூப்பிட்டார். இங்கே எல்லோருக்கும் மூத்த டெக்னீஷியன் அவர். "தம்பி, 250 பார் கேஜுக்கு 10 பார் சான்றிதழ் வருது, கொஞ்சம் வந்து பாரு" என்றார். கேஜ் என்றால் அழுத்தம் காட்டும் மானி, பார் அழுத்தத்தின் அலகு. போய்ப் பார்த்தேன். கேஜின் தகட்டில் 71530 என்று இருக்கிறது. சிஸ்டத்தில் 71530 என்று தேடினால் 2024 ஆகஸ்டில் எடுத்த சான்றிதழ் வருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் 10 பார் வரை அளக்கிற ஒரு சின்ன கேஜுடையது. அதன் தலைப்பில் அச்சாகியிருக்கும் சீரியல் எண்: 0071530.

இரண்டும் வேறு வேறு கருவிகள், செய்தவர்களும் வேறு. முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யம்தான் வித்தியாசம். டேட்டாபேஸில் சீரியல் எண்ணுக்கான கட்டம், அதாவது ஃபீல்டு, முழு எண் வகை என்பதால் பூஜ்யங்கள் உள்ளே போகவே இல்லை. சான்றிதழ்களை ஏற்றும் ஸ்கிரிப்டோ, எண் ஏற்கனவே இருந்தால் புது வரி போடாமல் பழைய வரியையே புதுப்பிக்கும். சின்ன கேஜ் பெரிய கேஜுக்குள் கரைந்துவிட்டது.

பெரிய கேஜ் கடைசியாக உண்மையில் காலிபரேஷனுக்குப் போனது 2023 நவம்பரில். வருடம் ஒரு முறை போக வேண்டியது. அடுத்தவன் சான்றிதழ் இதன் கணக்கில் ஏறியதால் கெடு தேதி ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், நினைவூட்டல் வராமலே நின்றுவிட்டது. நான்கு மாதமாக யாருக்கும் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அண்ணன் உடனே அதைக் கழற்றி, சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்தார்.

இந்தப் பதிவுகள் இருக்கும் டேபிளை ஆறு வருடத்துக்கு முன்னால் உருவாக்கியது நான்தான்.

மார்ச் 5, புதன்

இடப்பக்கப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எண்ணைப் பொறுத்தவரை அது சரிதான். சீரியல் எண் என்பது எண்ணால் எழுதிய பெயர். இரண்டு சீரியல் எண்ணை யாராவது கூட்டுவார்களா? சராசரி எடுப்பார்களா? இல்லை என்றால் அதை எண் வகையில் வைக்கக் காரணமே இல்லை. டெலிபோன் நம்பரும் இப்படித்தான், புத்தகங்களுக்கான பழைய ஐஎஸ்பிஎன் எண்ணும் இப்படித்தான். பத்து இலக்க ஐஎஸ்பிஎன் பூஜ்யத்தில் தொடங்கலாம், கடைசியில் எக்ஸ் என்ற எழுத்திலும் முடியலாம். முழு எண் ஃபீல்டில் போட்டால் இரண்டு முனையிலும் அடிபடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று மதியம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சாதாரண முழு எண்ணுக்கு நான்கு பைட், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை. 71530 அதில் 0, 1, 23, 106 என்று உட்காரும். ஒரு 65536, அதோடு 23 தடவை 256, அதோடு 106. கூட்டினால் 71530. சரி, 0071530ஐப் போட்டால்? அதே 0, 1, 23, 106. எத்தனை இலக்கமாக எழுதினார்கள் என்ற தகவலுக்கு அந்த நான்கு பைட்டில் இடமே கிடையாது. பூஜ்யம் அங்கே மறைந்து நிற்கவில்லை, சேமிக்கப்படவே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் நாளைக்கு வரப்போகிற குறுக்கு வழி யோசனைகளுக்கெல்லாம் பதில் கிடைத்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

வந்தது. "காட்டும்போது முன்னால் பூஜ்யம் நிரப்பிக் காட்டினால் போதாதா?" என்று குழுவில் கேட்டார்கள். எல்லா எண்ணும் ஒரே நீளம் என்றால் போதும்தான். நாமே வழங்கும் எண் என்றால் அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் நம்மிடம் இருப்பது வெளியிலிருந்து வந்த கருவிகள். ஒருவர் ஐந்து இலக்கம் அடிக்கிறார், ஒருவர் ஏழு, இன்னொருவர் எட்டு. சிலர் நடுவே கோடும் எழுத்தும் சேர்க்கிறார்கள். 71530க்கு முன்னால் எத்தனை பூஜ்யம் என்று யாரைக் கேட்பது?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஜீரோஃபில் என்று ஒரு வசதி உண்டு. அதைக் கொடுத்தால் ஃபீல்டு தானாகவே மைனஸ் வராத, குறியில்லா எண்ணாகிவிடும், காட்டும்போது பூஜ்யம் நிரப்பும். ஆனால் சேமிப்பது பழைய எண்ணைத்தான். 8.0.17 பதிப்பிலிருந்து அதையே கைவிடச் சொல்லி எச்சரிக்கை போடுகிறார்கள். மாற்றாக அவர்கள் சொல்வது இடப்பக்கம் நிரப்பிக் கொடுக்கும் எல்பேட் சார்பையோ எழுத்து வகையையோ.

அந்த எல்பேடிலும் ஒரு கண் வேண்டும். 104588213 என்ற ஒன்பது இலக்க எண்ணை எட்டு இலக்கத்துக்கு நிரப்பச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். 10458821 என்று வந்தது. கடைசி 3 காணோம். கேட்ட நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் அது வலப்பக்கம் வெட்டிவிடும், பிழை எதுவும் காட்டாது. இல்லாத பூஜ்யத்தைக் கொண்டுவரப் போய் இருக்கிற இலக்கத்தைத் தொலைப்பது இன்னும் மோசம்.

கைபேசியில் ஓடும் சின்ன செயலியையும் திறந்து பார்த்தேன். அதில் இருப்பது எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ். ஃபீல்டு வகை "ஸ்ட்ரிங்" என்று எழுதியிருந்தது, நிம்மதியானேன். பிறகு சோதித்தால் அங்கேயும் பூஜ்யம் விழுகிறது. எஸ்கியூலைட் வகைப் பெயருக்குள் எந்தச் சொல் இருக்கிறது என்று தேடித்தான் முடிவெடுக்கும். "டெக்ஸ்ட்", "கேர்", "க்ளாப்" இவற்றில் ஒன்று இருந்தால் எழுத்து. "ஸ்ட்ரிங்" அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எண் சார்புள்ள வகையாக எடுத்துக்கொண்டு, எண் போலத் தெரிவதை எண்ணாக்கிவிடுகிறது. "டெக்ஸ்ட்" என்று மாற்றினேன், நின்றது.

மார்ச் 10, திங்கள்

ஃபீல்டை வார்கேர், அதாவது எழுத்து வகை, ஆக்கிவிட்டேன். நிமிட வேலை. இனி வருவது பத்திரம். ஆனால் போனது போனதுதான்: மாற்றிய பிறகும் 71530 வெறும் 71530ஆகத்தான் நிற்கிறது.

நாள் முழுக்கப் பழைய கோப்புகளைத் தோண்டினேன். கருவிகளோடு வந்த சிஎஸ்வி பட்டியல்கள் பல. சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு, அதில் பூஜ்யம் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் யாராவது நடுவில் ஸ்பிரெட்ஷீட்டில் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, சேமித்திருந்தால் அவ்வளவுதான். திறக்கும்போதே எண்ணாக மாறிவிடும், சேமிக்கும்போது அந்த எண் கோப்பில் எழுதப்படும். நீளமான சீரியல் என்றால் இன்னொரு அடி. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், 16வது இலக்கத்திலிருந்து பூஜ்யமாகிவிடும். முன்னால் இருந்த பூஜ்யம் போய், பின்னால் இல்லாத பூஜ்யம் வரும்.

இந்தத் தானியங்கி மாற்றத்தால் மரபணுக்களுக்கே பெயர் மாற்ற வேண்டி வந்தது. மார்ச்1, செப்ட்1 என்ற பெயர்களைத் தேதி என்று எக்செல் எடுத்துக்கொண்டதால், பெயரிடும் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றி 2020இல் அதற்கான நெறிமுறையையும் வெளியிட்டது. இந்த மாற்றங்களை நிறுத்தி வைக்கும் அமைப்பு எக்செல்லில் 2023இல்தான் வந்தது.

மின்னஞ்சலில் இணைப்பாக வந்து யாரும் திறக்காத ஒரு கோப்பு கிடைத்தது. நோட்பேடில் திறந்தேன். 0071530, 0071531, 0071544... வரிசையாக நின்ற அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு கோப்பிலேயே நாற்பது கருவிகள் மீண்டன. படிக்கும் ஸ்கிரிப்டிலும், கோப்பைப் படித்துத் தரும் பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்துக்கு "எல்லாவற்றையும் எழுத்தாகப் படி" என்று சொல்லிவைத்தேன். சொல்லாவிட்டால் அதுவும் எண்ணாக்கிவிடும்.

மார்ச் 12, புதன்

கோப்பில் கிடைக்காதவற்றுக்கு ஒரே வழி, கருவியையே போய்ப் பார்ப்பது. அண்ணனும் நானும் கிளம்பினோம். ஒரு டார்ச், ஒரு ஈரத்துணி, ஒரு நோட்டு.

பம்புக்குப் பின்னால் இருந்த ஒரு கேஜின் தகட்டில் எண்ணெய் படிந்து கருத்திருந்தது. அண்ணன் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் பளபளப்பு மட்டும்தான் தெரிந்தது. சாய்த்ததும் குத்திய எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "எழுதிக்கோ தம்பி. சைபர், சைபர், நாலு, ஒண்ணு, சைபர், எட்டு, ஆறு." நான் எழுதி, திரும்ப வாசித்தேன். அவர் தகட்டைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகத் தலையசைத்தார். அப்புறம் ஒரு போட்டோ.

இன்னொன்றில் முதல் எழுத்து பூஜ்யமா, ஆங்கில ஓ எழுத்தா என்று இருவருக்கும் சந்தேகம். அதே தகட்டின் நடுவில் ஒரு பூஜ்யம் இருந்தது, அது ஒடுங்கியது. முதலாவது அகலமானது. ஓ என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் குறித்தோம். முழு எண் ஃபீல்டில் இந்தக் கருவி எப்படிப் பதிவானது என்று பிறகு பார்த்தேன். யாரோ ஓவை விட்டுவிட்டு மீதியை மட்டும் அடித்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழி இல்லை. எண்ணைத் தவிர எதையும் அந்தப் பெட்டி வாங்கியிருக்காது.

மார்ச் 14, வெள்ளி

பழைய ரிப்போர்ட் ஒன்றில் இன்னும் இரண்டு கேஜும் சேர்ந்தே வருகிறது. தேடியதில் மேற்கோள் குறி இல்லாமல் சீரியல் = 71530 என்று ஒரு வரி. மைஎஸ்கியூஎல் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொள்ளும், அதனால் '71530', '0071530' இரண்டும் பொருந்திவிடும். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் பயன்படாது, மெதுவாகும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இங்கே ஒப்பிடவே மறுத்துப் பிழை காட்டும். அந்தக் கறார்தனம் எனக்குப் பிடிக்கும். மேற்கோள் குறி போட்டதும் சரியானது.

மென்பொருள்களுக்கிடையே தரவு அனுப்பும் ஜேசான் வடிவத்திலும் இதேதான். அந்த வடிவத்தில் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வைப்பது விதிப்படி தவறு. சீரியல் எண் மேற்கோளுக்குள்தான் போக வேண்டும். நான்கு இடத்தில் திருத்தினேன்.

மார்ச் 19, புதன்

எல்லோரும் பூஜ்யத்தோடுதான் தேட வேண்டும் என்று நேற்று விதி வைத்தேன். இன்று மதியத்துக்குள் அதை எடுத்துவிட்டேன். கையுறையோடு கைபேசியைத் தட்டுகிறவரிடம் பூஜ்யத்தை எண்ணி அடிக்கச் சொல்வது நியாயம் இல்லை. சேமிப்பதில்தான் கண்டிப்பு வேண்டும், தேடுவதில் தாராளமாக இருக்கலாம். எனவே இரண்டு ஃபீல்டு. ஒன்றில் தகட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து. இன்னொன்றில் முன்பூஜ்யம், கோடு, இடைவெளி எல்லாம் நீக்கியது. அது தேடலுக்கு மட்டும். 71530 என்று அடித்தால் இரண்டு கேஜும் செய்தவர் பெயரோடும் அளவோடும் வரும், ஆள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தானாக ஒன்றை எடுத்துக்கொள்ள ஸ்கிரிப்டுக்கு இனி அனுமதி இல்லை.

ஒரே எண் இரு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் மாற்றினேன். இனி செய்தவரும் சீரியலும் சேர்ந்துதான் தனித்துவம். இரண்டு பேர் ஒரே எண்ணை அடிப்பதை யாரும் தடுக்க முடியாது.

எழுத்தாக்கியதால் வரிசை மாறியது பற்றிக் கேட்டார்கள். 10க்குப் பிறகு 9 வருகிறது என்று. நீளத்தை முதலிலும் எழுத்தை அடுத்தும் வைத்து வரிசைப்படுத்தினேன், முடிந்தது.

மார்ச் 28, வெள்ளி

பெரிய கேஜ் காலிபரேஷனிலிருந்து திரும்பியது. துல்லிய வகுப்பு 1.0, அதாவது 250 பாரில் 2.5 பார் வரை பிழை இருக்கலாம். 200 பார் கொடுத்தபோது இது 196 காட்டியிருக்கிறது. உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிற கேஜ். முள் இன்னும் இடம் இருக்கிறது என்று சொல்லும்போது குழாயில் நான்கு பார் அதிகம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் சான்றிதழை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். அது சேவையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் வரியில், அதன் எண்ணில், அதன் சொந்தச் சான்றிதழை நானே ஏற்றினேன்.

இன்னும் ஒன்பது கருவிகளின் தகட்டைப் படிக்க முடியவில்லை. தேய்ந்தோ, மேலே பெயின்ட் பூசியோ இருக்கின்றன. அவற்றுக்கு ஊகித்து எதையும் நிரப்பவில்லை. ஃபீல்டு காலியாக இருக்கிறது, குறிப்பில் "தகடு தெரியவில்லை, பழைய பதிவு இது" என்று பழைய எண். திங்களன்று பெயின்ட் நீக்கும் திரவத்தோடு அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.