ராத்தே சாலையில் ஒரு ஜூலை மாதம்

பின்லாந்தின் கயானி நகரிலிருந்து சுவோமுசல்மி சென்று, அங்கிருந்து ரஷ்ய எல்லையை நோக்கிக் கிழக்கே செல்லும் ராத்தே சாலையை அடைந்தேன். 1939-40இல் பின்லாந்துக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் நடந்த குளிர்காலப் போரின் களம் என்பதால், பனிக்காலத்தில் பார்க்க வேண்டிய இடம் அது. எனக்கு விடுப்புக் கிடைத்ததோ கொசுக்கள் மொய்க்கும் ஜூலையில்.

1939 நவம்பர் 30 அன்று போர் அறிவிப்பு ஏதுமின்றிச் சோவியத் படைகள் நுழைந்தபோது பின்லாந்தின் மக்கள்தொகை நாற்பது லட்சத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. சுவோமுசல்மி வழியாக மேற்குக் கரையிலுள்ள ஓவுலுவை அடைந்து நாட்டை இரண்டாகத் துண்டிப்பதே சோவியத் திட்டம். எதிரிக்குக் கூரை கிடைக்கக் கூடாது என்று ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுப் பின்லாந்துப் படையினர் விலகினார்கள். அங்கே சிக்கிக்கொண்ட சோவியத் படைப்பிரிவான 163வது டிவிஷனை மீட்க, இன்னொரு சோவியத் படைப்பிரிவான 44வது டிவிஷன் இந்தச் சாலையில் வந்தது.

இருபுறமும் அடர்ந்த காடு, நடுவே குறுகிய ஒற்றைச் சாலை. டாங்கிகளும் பீரங்கிகளும் லாரிகளும் விலக இடமின்றி அதில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றுபோக, பின்லாந்துக் கர்னல் சீலாஸ்வுவோவின் வீரர்கள் வெண்ணிற உடையில் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து அந்த வரிசையைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். இம்முறைக்கு 'மொத்தி' என்று பெயர். வெட்டி அடுக்கிய விறகின் அளவைக் குறிக்கும் சொல் அது. மரம் வெட்டிப் பழகியவர்களுக்குப் பொருத்தமான சொல்தான். சமையல் வண்டிகளையும் அவர்கள் குறிவைத்தார்கள். கடுங்குளிரில் சூடான கஞ்சி இல்லாதவனுக்குப் பீரங்கி இருந்து என்ன பயன்? 1940 ஜனவரி 7க்குள் அந்த டிவிஷன் சிதறியது. தப்பி வந்த அதன் தளபதி வினோகிராதோவைச் சில நாட்களில் சோவியத் தரப்பே, அவருடைய வீரர்களின் கண்முன் சுட்டுக் கொன்றது.

சாலையோர நினைவுச்சின்னத்தில் 105 மணிகள் தொங்குகின்றன. போர் நீடித்த நாட்களின் எண்ணிக்கை அது. சுற்றிலும் வெட்டவெளியில், இருதரப்பிலும் இறந்தவர்களுக்காக ஆயிரக்கணக்கான பாறைகள் கிடக்கின்றன. 44வது டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்தது என்பதை வெற்றிக்கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ராத்தேயில் வென்றும், மார்ச் 13 அன்று போர் ஓய்ந்தபோது பின்லாந்து விபுரி நகரத்தையும் கிழக்கே கரேலியா பகுதியில் தன் வசமிருந்த நிலத்தின் பெரும்பகுதியையும் இழந்தது. சுமார் நான்கு லட்சம் பேர் வீடுகளை விட்டு மேற்கே வந்தார்கள்.

எல்லை மண்டலத்தை அறிவிக்கும் மஞ்சள் பலகை வரை நடந்தேன். அதைத் தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும் என்பதால், வந்த வழியே திரும்பினேன்.