ஒரு வெள்ளி பல்லுக்கு மூணு நாள் லீவு

அம்மாவுக்கு 58 வயசு, பினாங்குல, தென் செபராங் பிறை பக்கம் தோட்டத்துல இருக்காங்க. கடவாப் பல்லு ரெண்டு மாசமா வலி, கிராம்பு வச்சே சமாளிச்சிருக்காங்க, என்கிட்ட மூச்சு விடல. தனியார்ல கேட்டா ஒரு பல்லுக்கே 180 மலேசிய வெள்ளின்னாங்க. அரசாங்க பல் கிளினிக்ல பதிய ஒரு வெள்ளிதானேன்னு லீவு போட்டுட்டு பினாங்குத் தீவுலேருந்து கெளம்பிப் போனேன்.

எட்டரைக்குப் போனா நம்பர் முடிஞ்சிருச்சாம். கவுன்டர்ல இருந்தவங்க நிமிர்ந்துகூட பாக்கல, "எசோக் டாத்தாங் அவால்", நாளைக்கு சீக்கிரம் வான்னு மலாய்ல, அவ்வளவுதான்.

அடுத்த தடவை ஆறே முக்காலுக்கே நின்னு நாலாவது நம்பர் வாங்கிட்டேன், பெரிய சாதனை! உள்ள டாக்டர் என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டா அம்மா "வெள்ளை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு"ங்கிறாங்க. இனிப்புநீர் புக்கு வீட்டு அலமாரில. ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை எடுக்குறாங்களான்னு தெரியாம புடுங்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான், ஆனா அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே.

மூணாவது தடவை புக்கு, ஐசி (அடையாள அட்டை) எல்லாம் ரெடி, ஆனா பிரஷர் 180. ஏன்னா ரத்தம் டெஸ்ட் பண்ணப் போற மாதிரி நெனச்சு இவங்க பசியாறாம, மாத்திரையும் போடாம வந்திருக்காங்க! நல்லவேளை ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) "அக்கா, போய் ரொட்டி சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டு வாங்க, நம்பர நான் பாத்துக்குறேன்"னாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு 150, பத்தே நிமிஷத்துல பல்லு வெளிய.

ஸ்கூல் பிள்ளைங்க பல்லு பாக்குற மிஸ்ஸிங்களுக்கு 1949லயே நம்ம பினாங்குலதான் பயிற்சிப் பள்ளி தொறந்தாங்க, நாமளும் வாயத் தொறந்து காட்டுனவங்கதான். ஸ்கூல விட்டதும் தோட்டத்து ஜனங்கள யாரு தேடி வர்றா? அம்மா நாப்பது வருஷமா பல் டாக்டர் பக்கமே போகல.

போறவங்க பசியாறிட்டு, வழக்கமான மாத்திரையப் போட்டுட்டுப் போங்க, மருந்து புக்க மறக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய டாக்டர் சொல்லாம நீங்களா நிறுத்திடாதீங்க.

பல்செட்டுக்குப் பேர் குடுத்திருக்கோம், ஈறு ஆறுனதும் கூப்பிட்டு அளவு எடுப்பாங்களாம். என் நம்பரத்தான் குடுத்தேன், அம்மா தெரியாத நம்பர்னா போனே எடுக்க மாட்டாங்க.