குளிருக்கு எங்கே போவது? இரவு வெப்பநிலையும் முழுச் செலவும்

ஒன்ராறியோவில் இருந்து குளிர்காலத்துக்கு வெளியே போக நினைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது வாடகை. அடுத்தது, போகிற ஊரின் ஜனவரிப் பகல் வெப்பநிலை. இரண்டும் தேவைதான், ஆனால் அவை பாதிக் கணக்கு. பகலில் 20 பாகை காட்டும் ஊரில் இரவு 5 பாகைக்கு இறங்கலாம். மாதம் 3,000 டொலர் என்று விளம்பரத்தில் நிற்கும் வீடு, பணம் கட்டி முடிக்கும்போது 4,800 கனேடிய டொலரைத் தொடலாம்.

முதலில் வெயில். ஊர் தேடும்போது இரவு வெப்பநிலையைத்தான் பாருங்கள். வயதானவர்களின் விடியற்காலை நடையும், பின்னேரம் முற்றத்தில் இருப்பதும், இரவில் எழும்பி நடமாடுவதும் அந்த எண்ணில்தான் தங்கியிருக்கின்றன. அரிசோனாவின் பீனிக்ஸில் ஜனவரிப் பகல் 19, 20 பாகை. இரவு 7, 8. டூசானில் இரவு 4, 5 வரை போகும். பாலைவனக் காற்றில் ஈரம் இல்லாததால் சூரியன் சாய்ந்த கையோடு சூடும் போய்விடும். மத்தியானம் கோல்ஃப் விளையாடுகிறவருக்கு அருமையான இடம். காலை ஆறு மணிக்கு நடக்கப் போகிறவருக்கு ஜக்கெட் வேண்டும்.

புளோரிடா என்ற ஒரே பெயருக்குள் மூன்று காலநிலைகள் இருக்கின்றன. வடமேற்கு மூலையில் உள்ள பென்சகோலாவில் 2025 ஜனவரி 21 அன்று எட்டு அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது. அது அபூர்வம், ஆனால் 6, 7 பாகை இரவு அங்கே வழமை. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். அவர்களுடைய சீசன் கோடை. ஓர்லாண்டோவில் பகல் 22, இரவு 10. போர்ட் மயர்ஸ், நேப்பிள்ஸ் பக்கம் பகல் 24, இரவு 12, 13. மயாமியில் இரவிலும் 16. தெற்கிலும்கூட வடக்குக் குளிர்க்காற்று இறங்கினால் இரண்டு மூன்று நாள் கடற்கரையை மறந்துவிட வேண்டியதுதான். நீச்சல் குளம் இருப்பதாக விளம்பரம் சொன்னால், தண்ணீரைச் சூடாக்குகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சூடாக்காத குளம் ஜனவரியில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பரில் போகிறவர்கள் புயலைக் காணமாட்டார்கள், அதன் செலவைக் காண்பார்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் சூறாவளி தாக்கிய போர்ட் மயர்ஸ் பீச், சனிபெல் பகுதிகளில் வீடு எடுப்பதானால் கட்டடத்திலோ பக்கத்திலோ திருத்த வேலை நடக்கிறதா என்று கேட்காமல் முற்பணம் கட்ட வேண்டாம்.

ரெக்சாஸின் தென்முனையில், மக்அலன், ஹார்லிங்கன் பக்கம், பகல் 21, இரவு 10. செலவு புளோரிடாவை விடக் குறைவு. 2021 பெப்ரவரியில் உறைபனியும் மின்வெட்டும் அந்தப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிக்கோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவில் பகல் 28, இரவு 16, 17, மழையும் குறைவு. அதே நாட்டின் சப்பாலா ஏரிப் பக்கம் கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீற்றர் உயரம். பகல் இதமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஹீற்றர் கிடையாது. 8 பாகை இரவில் ஓட்டுத் தரை கால் கடுக்க வைக்கும்.

எங்கள் ஆட்களில் பலர் யாழ்ப்பாணத்தை யோசிப்பார்கள். நேரம் சரியாக அமைந்தால் நல்ல தெரிவு. வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும், நவம்பர்தான் உச்சம். ஜனவரி நடுப்பகுதியில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரை பகல் 29, 30, இரவு 22, 23. ரொறன்ரோவில் மிக மோசமான இரண்டு மாதங்களும் அவையே. டிசம்பர் விடுமுறையில் விமானச் சீட்டு விலை ஏறும்; பொங்கலை அண்டிப் புறப்பட்டால் அதுவும் குறையும், மழையும் ஓய்ந்திருக்கும். ஏப்ரலுக்கு முன் திரும்பிவிடுங்கள், வெயில் தாங்காது. மழைக்குப் பிறகு டெங்கு கூடுவது டிசம்பர், ஜனவரியில். ஆகவே படுக்கைக்கு நுளம்பு வலை, பகலுக்கு நுளம்புக் களிம்பு, கட்டாயம். கனேடியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு முதலில் 30 நாள்தான். மிச்சத்துக்கு நீடிப்பு எடுக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இதய வருத்தம் உள்ளவர்கள், பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள கொழும்பு 400 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை செல்லுபடியாக இருக்க, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 212 நாளுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே இருக்கக் கூடாது. வருமானம் குறைந்த முதியோருக்கான ஜீ.ஐ.எஸ் கொடுப்பனவு எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் கனடாவுக்கு வெளியே நின்றால் அது நின்றுவிடும். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் வாழாதவர்களுக்கு முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ்ஸும் அப்போது நிற்கும்.

அமெரிக்க வருமான வரிக் கணக்கு வேறு. இந்த வருடம் அங்கே நின்ற நாள்கள், போன வருட நாள்களில் மூன்றில் ஒன்று, அதற்கு முந்திய வருட நாள்களில் ஆறில் ஒன்று, இவற்றைக் கூட்டி 183 அல்லது அதற்கு மேல் வந்தால், அங்கே வரி கட்டும் வதிவாளராகக் கணக்கிடாமல் இருக்க, 8840 என்ற படிவத்தை அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு அனுப்பிக் கனடாவோடுதான் நெருங்கிய தொடர்பு என்று காட்ட வேண்டும். வருடா வருடம் 121 நாள் நின்றால் கூட்டுத்தொகை 183க்குள் நிற்கும். 122 ஆனால் சரியாக 183. டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 121 நாள், லீப் வருடத்தில் 122. போகிற நாளும் திரும்புகிற நாளும் சேரும். கோடையில் நியூ ஜேர்சியில் ஒரு கல்யாணம், பஃபலோவில் ஒரு நாள் ஷொப்பிங் எல்லாம் இதற்குள்தான், ஆகவே பத்து நாளாவது கைவசம் விட்டுவையுங்கள். அமெரிக்காவில் 30 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. காரில் எல்லை கடப்பவர்கள் வருகைப் பதிவான ஐ-94 பத்திரம் எடுத்தால் அதுவே பதிவு. கனடாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் இருந்து இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு விசாவும் தேவை.

ஆகப் பெரிய சிக்கல் பயண மருத்துவக் காப்புறுதி. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் ஓஹிப் ஒரு நாளுக்கு 200 முதல் 400 கனேடிய டொலர்தான் தரும். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒரு நாளைக்கே பல ஆயிரம். காப்புறுதி எடுத்தும் பணம் கிடைக்காமல் போவதற்கு வழமையான காரணம், நோய் நிலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பொலிசியைப் பொறுத்து, புறப்படுவதற்கு முந்திய 90 அல்லது 180 நாளில் உங்கள் வருத்தத்தில் மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. பிறஷர் குளிசையை 5 மில்லிகிராமில் இருந்து 10க்குக் கூட்டினால் அது மாற்றம். 10இல் இருந்து 5க்குக் குறைத்தாலும் பெரும்பாலான பொலிசிகளில் மாற்றம்தான். சுகம் வந்துவிட்டதுதானே என்ற நியாயம் அங்கே எடுபடாது. எடுக்கச் சொன்ன ஸ்கானுக்குக் காத்திருப்பதும் அப்படியே. ஆகவே டிசம்பரில் போகிறவர்கள் மே மாதமே குடும்ப வைத்தியரிடம் பயணத் திகதியைச் சொல்லி, செய்ய வேண்டிய மாற்றங்களை அப்போதே செய்துவிடுங்கள். அதற்காகத் தேவையான சிகிச்சையை யாரும் தள்ளிப்போடக் கூடாது, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காப்புறுதிக்கான கேள்விப் பத்திரத்தைப் பிள்ளைகள் அவசரத்தில் நிரப்ப விடாதீர்கள். பார்மசியில் கடைசி ஒரு வருட மருந்துப் பட்டியலை அச்சிட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். ஒரு பதில் பிழைத்தாலும் முழுப் பொலிசியும் செல்லாமல் போகலாம். மருத்துவச் செலவின் முதல் பங்கு, 1,000இல் இருந்து 5,000 டொலர் வரை, உங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால் கட்டணம் குறையும். அமெரிக்காவைத் தவிர்த்த பொலிசி இன்னும் மலிவு. மெக்சிக்கோவும் யாழ்ப்பாணமும் செலவில் முந்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 75 வயதைத் தாண்டி, மருந்து அடிக்கடி மாறுகிறவர்களுக்கு என் யோசனை பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோறியா. ஜனவரியில் பகல் 7, 8 பாகை, நிறைய மழை, பனி குறைவு. வெயில் கிடைக்காது, ஆனால் வழுக்கி விழுகிற பயம் குறைவு, ஓஹிப்பும் கைவிடாது.

மருந்து விஷயம் ஒன்று: பயணம் 100 நாளுக்கு மேல் என்றால், ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில் உள்ள, 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் பயணச் சான்றைக் காட்டி 200 நாள் வரைக்கான மருந்தை எடுத்துப் போகலாம்.

இனி அந்த 3,000 டொலர் வாடகை. புளோரிடாவில் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ எடுக்கும் வீட்டு வாடகைக்கு மாநில வரி 6 சதவீதம். அதன் மேல் கவுண்டியின் சுற்றுலா வரி பல இடங்களில் 5 சதவீதம். ஆக 3,330 அமெரிக்க டொலர். ஒரு அமெரிக்க டொலர் 1.40 என்று வைத்தால் 4,662 கனேடிய டொலர். சாதாரணக் கடன் அட்டையில் கட்டினால் நாணய மாற்றுக்கு இன்னும் 2.5 சதவீதம், ஏறத்தாழ 4,780. வரி உள்ளடங்கலா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். அமெரிக்க டொலர் கணக்கும் அதே நாணயத்தில் உள்ள அட்டையும் இருந்தால் அந்த 2.5 சதவீதம் மிச்சமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை வாடகை உச்சத்தில் இருக்கும். நவம்பர், டிசம்பர் மலிவு. ஆனால் ரொறன்ரோவில் நவம்பர் தாங்கக் கூடியதுதான். மலிவு என்பதற்காக நவம்பரில் போய், பெப்ரவரிக் குளிருக்குத் திரும்பி வருவதை விட, உச்ச வாடகையில் ஆறு கிழமை நிற்பது மேல்.

இங்கே பூட்டிவிட்டுப் போகிற வீட்டுக்கும் செலவு உண்டு. பல வீட்டுக் காப்புறுதிப் பொலிசிகளில், குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வீட்டில் இல்லாவிட்டால், தினமும் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வெறுமையாக்க வேண்டும் என்று இருக்கும். இல்லாவிட்டால் உறைந்து வெடித்த குழாய்க்கு ஒரு சதமும் வராது. பேஸ்மன்ற்றில் பிரதான வால்வை மூடி, மேல்மாடிக் குழாய்களையும் ஆகக் கீழே உள்ள குழாயையும் திறந்து வடிய விடுங்கள். கழிவறைத் தொட்டிகளை ஃப்ளஷ் செய்து வெறுமையாக்குங்கள். வெந்நீர்த் தாங்கி மின்சாரத்தில் இயங்கினால் பிறேக்கரை நிறுத்துங்கள், எரிவாயு என்றால் ஆகக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். ஹீற்றிங்கை 13 முதல் 15 பாகையில் விட்டு, புது ஃபில்ரர் போடுங்கள். ரேடியேற்றரில் வெந்நீர் ஓடும் பழைய வீடு என்றால் மெக்கானிக்கைக் கேட்காமல் தண்ணீரை மூட வேண்டாம். வீட்டைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்திருந்தால், ஒவ்வொரு தடவையும் தெர்மோஸ்ரற்றைத் திகதியோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்டால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.