கட்டுரை கேட்டார்கள், கட்டம் கட்டமாகத் திருப்பி அனுப்பினார்கள்

நூலகத் தொழில்நுட்ப இதழ் ஒன்று கட்டுரை கேட்டு அனுப்பிய மெயிலை எனக்குத் தள்ளிவிட்டவர் தர்மபுரியில் இருக்கும் நூலகர் நண்பர். "நம்ம கோஹா கதையை எழுதுங்க சார், ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்" என்றார்.

கோஹா என்பது நூலகப் புத்தகங்களைப் பட்டியலிட்டுத் தேடித் தரும் மென்பொருள். அதன் கதை இதுதான். கிருஷ்ணகிரியில் எங்கள் கல்லூரி நூலகத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நாலு மொழிப் புத்தகங்களும் உண்டு. பதிவெல்லாம் ஏற்றியாகிவிட்டது, ஆனால் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. கோஹாவுக்குள் தேடலைக் கவனிக்கும் ஜீப்ராவின் இண்டெக்ஸை, சிஎச்ஆர் என்ற பழைய முறையிலிருந்து, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு என்ற முறைக்கு மாற்றி, மொத்தப் பதிவையும் மறுபடி இண்டெக்ஸ் செய்த பிறகுதான் புத்தகங்கள் தலைகாட்டின. பக்கத்து மாவட்டத்திலும் அதே தொல்லை, அதே மருந்து.

எழுத பத்து நாள் ஆனது. அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

முதல் தடவை யாரும் படிக்காமலேயே திரும்பி வந்தது. மதிப்பீட்டாளருக்கு நாம் யாரென்று தெரியக்கூடாது என்று விதி. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டேன். கடைசியில் முதல்வருக்கு நன்றி சொன்ன பத்தியில் கல்லூரிப் பெயர் அப்படியே நின்றது. வேர்டு கோப்பின் பண்புகளிலும் என் பெயர். ஃபைல், இன்ஃபோ போய் அதையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாம் தடவை, "உதாரணங்களில் வெறும் கட்டங்களாக இருக்கின்றனவே, என்ன பொருள்?" என்று கேள்வி. அவர்கள் கொடுத்த டெம்ப்ளேட் டைம்ஸ் நியூ ரோமன். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. என் கணினியில் வேறு எழுத்துரு வந்து ஒப்பேற்றியதால் எனக்குத் தெரியவில்லை. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவையும் உள்ளே பொதித்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மதிப்பீடு வந்தபோது கொஞ்சம் வலித்தது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் 1931-ஆம் வருடத்து ஐந்து விதிகளில் தொடங்கி, கோஹா 2000-இல் நியூசிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த வரலாறு வரை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "வாசகருக்குத் தெரியும், நீக்கவும்" என்று ஒரே வரி. நம் பக்கத்துக் கட்டுரைகள் பாதி இப்படித்தானே தொடங்குகின்றன! ஆனால் அதே ஆள் கேட்ட ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது: ஐசியு போட்ட பிறகும் கிடைக்காத தலைப்புகள் உண்டா?

தேடிப் பார்த்தால், உண்டு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடாக மாற்றியபோது 'கௌரி'யில் வரவேண்டிய ஔகாரக் குறிக்குப் பதிலாக, ஒற்றைக்கொம்பும் தனி 'ள'வும் விழுந்திருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அது 'கெளரி', வேறு சொல். திருத்தியதை ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்தேன். கட்டுரையில் உருப்படியான பக்கம் அதுதான்.

ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து பதிப்புரிமைப் படிவம், இருவர் கையெழுத்தும் வேண்டும். காவேரிப்பட்டணம், காரிமங்கலம் வழியாக நின்றுகொண்டே தர்மபுரி போய்ச் சேர்ந்தால், நண்பர் தேர்வுப் பணிக்கு அரூர் போயிருந்தார். போன் பண்ணாமல் போனது என் தப்பு. மறுவாரம் இன்னொரு தடவை போய் வாங்கி வந்தேன். ஸ்கேன் பண்ணும்போதுதான் படிவத்தின் அடியில் பார்த்தேன்: ஆசிரியர்கள் தனித்தனிப் பிரதிகளில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இரண்டு நாள் லீவு போச்சு.

இடையில் இன்னொரு 'இதழ்' மெயில் அனுப்பியது. மூன்றே நாளில் பிரசுரம், பணம் மட்டும் போனில் அனுப்பினால் போதுமாம். மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும் தொழிலில் மூன்று நாள் என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். அது இதழுக்கான அடையாள எண், தரச் சான்று அல்ல.

கட்டுரை வெளியானதும் பிரின்ட் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் புரட்டிப் பார்த்து, "கேர் லிஸ்ட்ல இருக்கா சார்?" என்றார். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் அது. அதை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். "அப்படின்னு ஒரு லெட்டர் கொண்டாங்க சார், ஃபைல்ல வெச்சுடலாம்" என்றார்.

யூஜிசி அறிவிப்பைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கொடுக்க வேண்டும்.