அம்மா படுத்திருந்த தரை

நேற்று இரவும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. உலை கொதிக்கும்போது மூடி தடதடக்குமே, அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த கணம் மார்பிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து காது மடலுக்கும் சூடு ஏறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 112. மூன்று நான்கு நிமிடங்களில் அடங்கியது. பிறகு, நனைந்த உடையோடு குளிரில் நடுங்கினேன்.

முதல் தடவை மாரடைப்பு என்றே பயந்தேன். ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்கக் கணவர் கைப்பேசியை எடுப்பதற்குள் சரியாகிவிட்டது. காலையில் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டுக்கும் ரத்தச்சோகைக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்த இரண்டாலும் நெஞ்சு இப்படிப் படபடக்கும் என்பதால், பரிசோதிக்காமல் வயதின்மேல் பழி போடக் கூடாது என்றார் மருத்துவர். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் எதுவும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

எல்லா முடிவுகளும் சீராக இருந்தன. எனக்கு 48 வயது. மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் வருகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும் இந்தக் காலத்தில், உடல் வெப்பத்தைக் காக்கும் மூளைப்பகுதி சிறு சூட்டையும் பெரும் சூடாக எடுத்துக்கொள்கிறதாம். உடனே தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டி, இதயத்தையும் விரட்டுகிறது. ஹார்மோன் சிகிச்சை எனக்கு ஒத்துவருமா என்று அடுத்த மாதம் பேசப்போகிறோம். மாலைக் கோப்பியை மட்டும் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டின் சமையலறைத் தரை நினைவுக்கு வந்தது. சாதாரண நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவு தண்ணீர் குடிக்கப் போனேன். விளக்கைப் போட்டால், அம்மா பாய்கூட இல்லாமல் மொசைக் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறார், கன்னத்தைத் தரையோடு அழுத்தியபடி. நெற்றி மயிர் ஈரத்தில் ஒட்டியிருந்தது. "புழுக்கமாக இருக்கிறது, நீ போய்ப் படி" என்றார். "அறையில் காற்றாடி இருக்கிறதே, இங்கே ஏன் வந்து கிடக்கிறீர்கள்?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனேன். அதன் பிறகும் பல இரவுகள் அங்கேதான் படுத்தார். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. அப்போது அவருக்கு 49 வயது.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"உனக்குமா?"

நான்கு வருடம் அப்படியே இருந்ததாம். "நெஞ்சு அடிக்கிற அடியில் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். யாரிடம் சொல்வது, உன் அப்பாவிடமா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து துவைத்துத் துவைத்து மெலிந்த நூல்சேலை ஒன்றை எடுத்துத் தந்தார். "தலையணைமேல் விரித்துக்கொள். வியர்வையை இழுத்துக்கொள்ளும்."

நேற்று இரவு அதன்மேல்தான் படுத்திருந்தேன்.